ஒரு நம்பர், ஒரு தேதி: மாடல் லோகோ கேள்வி பதில்

மாடல் டீசல் லோகோவை நிஜ லோகோவைப் போலவே மாற்றி அமைப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோ பற்றித்தான். அதில் எனக்கு வியப்பில்லை. பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த லோகோவின் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. இடம் இருக்கும் அளவுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, அமெரிக்க ஆல்கோ கம்பெனி லோகோவான ஆர்எஸ்டி-5-ன் எச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ஒன்று பழையதாகக் கிடைத்தது. அதை நம் டபிள்யூடிஎம்-2 ஆக மாற்ற ஆசை. ஒரு வரைபடமும் முப்பது புகைப்படங்களும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு படத்தில் இருப்பது இன்னொரு படத்தில் இல்லை. எதை நம்புவது?
— வாசகர், கோயம்புத்தூர்

எல்லாப் படமும் உண்மைதான். நீங்கள் முப்பது வெவ்வேறு லோகோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

டபிள்யூடிஎம்-2 என்பது ஆல்கோ கம்பெனியின் டிஎல்560சி வடிவமைப்பு. முதல் லோகோக்கள் 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்தன. 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலையிலேயே முதல் லோகோ தயாராகி வெளிவந்தது.   அதன் பிறகு தொண்ணூறுகள் வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். இத்தனை வருடத்தில் தொழிற்சாலை மாற்றியது ஒரு பக்கம், ஒவ்வொரு ஷெட்டும் தன் வசதிக்கு மாற்றியது இன்னொரு பக்கம். பெரிய பராமரிப்புக்குப் போய்த் திரும்பும் லோகோ போனது போலவே வராது. ஒரு கைப்பிடி கூடியிருக்கும், ஒரு விளக்கு இடம் மாறியிருக்கும்.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான். "டபிள்யூடிஎம்-2 செய்கிறேன்" என்று தொடங்காதீர்கள். ஒரு நம்பரைத் தேர்ந்தெடுங்கள், ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த நம்பர் அந்த வருடத்தில் எப்படி இருந்ததோ அதைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு முனையும் தெரியும் மூன்று நான்கு படங்கள் உள்ள லோகோவாகப் பார்த்து எடுங்கள். உங்கள் முப்பது படங்களில் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். மற்றவற்றை வேறு உறையில் போட்டு வைத்துவிடுங்கள், மேசையில் வேண்டாம்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு பிரேக் ஒரு நல்ல உதாரணம். முதலில் வந்தவை வேக்குவம் பிரேக் வண்டிகளை இழுத்தன. லோகோவின் முனையில் பஃபர்களைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பஃபர் பீமில் தடித்த, வளையம் வளையமான வேக்குவம் ஹோஸ் தொங்கும். பிறகு ஏர் பிரேக்கும் சேர்த்துப் பொருத்தினார்கள், அவற்றுக்கு டபிள்யூடிஎம்-2ஏ என்று பெயர். தொழிற்சாலையிலிருந்தே ஏர் பிரேக்கோடு வந்தவை டபிள்யூடிஎம்-2பி. ஆக, தடித்த ஹோஸ் மட்டுமா, தடித்ததும் மெல்லியதும் சேர்ந்தா, மெல்லியது மட்டுமா என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். அதே போல் "ஜம்போ" என்று ஷெட்டில் சொல்லும் வகையில் ஷார்ட் ஹூட், அதாவது கேபினை ஒட்டிய குட்டையான முனைப் பகுதி, தாழ்ந்து, டிரைவர் கண்ணாடி பெரிதாக இருக்கும். பின்னால் வந்த 3100 குதிரைசக்தி டபிள்யூடிஎம்-3ஏ லோகோக்கள் பலவற்றில் ஷார்ட் ஹூட்டின் கூரைமேல் டைனமிக் பிரேக் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். இவற்றை ஒரே லோகோவில் கலந்துவிட்டால், ஷெட்டில் வேலை பார்த்தவர் கண்ணுக்கு மூன்று பேர் முகத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

இப்போது உங்கள் ஆர்எஸ்டி-5. நல்ல தேர்வு. அதன் போகியும் (சக்கரங்களும் அச்சுகளும் அமைந்த கீழ்ச்சட்டம்) ஆல்கோவின் ட்ரைமவுண்ட் குடும்பம். மூன்று அச்சுகளுக்கும் இடையே தூரம் சமமாக இருக்காது, இரண்டு நெருங்கி ஒன்று விலகி நிற்கும். டபிள்யூடிஎம்-2 போகியின் அடையாளமே அதுதான். சம இடைவெளி போகியை வைத்துவிட்டு மற்றதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது ஆல்கோவாகத் தெரியாது. நெருங்கும் ஜோடி எந்தப் பக்கம் வருகிறது என்று உங்கள் படத்தில் பார்த்து, போகியைத் திருப்பி மாட்ட வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேஸிஸையும் போகியையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு பாடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதை வெட்டி ஒட்டி டபிள்யூடிஎம்-2 ஆக்க நினைக்காதீர்கள். நான் ஒருமுறை முயன்று இரண்டு மாதம் வீணாக்கினேன். கேபினின் வளைவும் சரிவரவில்லை, ஹூட்டின் உயரமும் சரிவரவில்லை. புதுப் பாடிதான் வழி. அளவுகள் இதோ: பஃபர் முதல் பஃபர் வரை நிஜ நீளம் 17,120 மி.மீ., அகலம் 2,864, உயரம் 4,185. எச்ஓவுக்கு 87.1-ஆல் வகுத்தால் 196.6, 32.9, 48.0 மி.மீ. சக்கரம் நிஜத்தில் 1,092 மி.மீ., மாடலில் 12.5. ஆர்எஸ்டி-5-ன் சக்கரம் 40 அங்குலம், அதாவது 11.7 மி.மீ. வித்தியாசம் 0.8 மி.மீ. தான். முதல் மாடலுக்கு அதை விட்டுவிடலாம், ஆனால் பாடியின் உயரத்தைத் தண்டவாளத்திலிருந்து அளந்து வையுங்கள், சக்கரத்திலிருந்து அளக்க வேண்டாம்.

பாடிக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் தகடு. அதன் மேல் கதவுகளுக்கு 0.25 மி.மீ. தகட்டை வெட்டி ஒட்டலாம். ரெசின் பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் பாடியை அச்சடித்தும் எடுக்கலாம். படுக்கவைத்து அச்சடிக்காமல் சாய்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள், கூரையில் படிக்கட்டுக் கோடுகள் குறையும். பாடியில் பெரிய விஷயங்களை வரிசையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஷார்ட் ஹூட், கேபின், அதற்குப் பின் ஜெனரேட்டர், எஞ்சின், எக்ஸ்பிரசர், கடைசியில் ரேடியேட்டர். எக்ஸ்பிரசர் என்பது காற்றை அழுத்துவதையும் வேக்குவம் உறிஞ்சுவதையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரம். ரேடியேட்டர் பகுதியில் பக்கத்தில் ஷட்டர், கூரையில் ஒற்றைப் பெரிய ஃபேன். அந்த ஃபேனின் கம்பி வலையை அடைத்துப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது கண் முதலில் போவது அங்கேதான், உள்ளே இறக்கைகள் தெரிய வேண்டும்.

ஹேண்ட்ரெயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாடலை நிஜமாகக் காட்டுவதும் அதுதான், பொம்மையாகக் காட்டிவிடுவதும் அதுதான். கம்பெனி மாடலில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடி ஒரு மி.மீ. தடிமன்கூட இருக்கும். நிஜத்தில் அது ஒன்பது செ.மீ. குழாய். யாரும் கையால் பிடிக்க முடியாது. மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய் 27 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள். அது 0.417 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 36 மி.மீ., நிஜக் குழாயின் பருமன். ஒரு முழம் கம்பியின் ஒரு முனையை வைஸில் கடிக்கவைத்து மறுமுனையைக் குறட்டால் பிடித்து மெல்ல இழுங்கள். திடீரென்று ஒரு நூல் அளவு நீண்டு கொடுக்கும், கையில் அது தெரியும். அங்கே நிறுத்துங்கள். கம்பி அம்பு போல நேராகி, கொஞ்சம் விறைப்பாகவும் ஆகியிருக்கும். பிறகு நைஸ் எமரியால் எனாமலைத் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும்.

ஹேண்ட்ரெயிலைத் தாங்கும் செங்குத்துக் கம்பிகளின் இடைவெளியைப் படத்திலிருந்து அளந்து ஒரு மரக்கட்டையில் குண்டூசிகள் அடித்து வையுங்கள். அதில் வைத்து வளைத்தால் இரண்டு பக்கமும் ஒன்று போல வரும். துளைக்கு 0.45 மி.மீ. ட்ரில், கைப் பிடியில்தான். மின்சார ட்ரில் ஸ்டைரீனை உருக்கிவிடும். துளை போடும் முன் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் வழுக்காது. சாலிடர் செய்யும்போது பக்கத்து இணைப்பு பிரிந்துவிடாமல் ஈரப் பஞ்சு ஒன்றை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் ஜோடி ஹேண்ட்ரெயிலுக்கு நான்கு மாலைகள் ஆயின. இப்போது ஒரு மாலையில் முடிகிறது.

சரி, பஃபர். ஐரோப்பிய பஃபர்களை வாங்கிப் பொருத்துவீர்கள் என்றால் இடைவெளியைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் இரண்டு பஃபருக்கும் மையத்திலிருந்து மையம் சுமார் 1,750 மி.மீ. நம் பிராட்கேஜில் 1,956. எச்ஓவில் 22.5 மி.மீ. வாங்கிய பஃபர் பீமோடு அப்படியே ஒட்டிவிட்டால் லோகோவின் முகம் ஒடுங்கிப் போகும்.

16.5 மி.மீ. எச்ஓ தண்டவாளத்தில் நம் பிராட்கேஜ் லோகோவை ஓட்டினால் அது தவறுதானே? நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், மதுரை

கணக்கைப் பார்ப்போம் தம்பி. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. 87.1-ஆல் வகுத்தால் 19.24. நீ ஓட்டுவது 16.5, அது அமெரிக்கா, ஐரோப்பாவின் 1,435 மி.மீ. கேஜுக்கு உரியது. 2.7 மி.மீ. குறைகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் நின்று பார்த்தால் தெரியும். நிஜத்தில் பஃபரின் மையம் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து 14 செ.மீ. தான் வெளியே இருக்கும். 16.5-ல் வைத்தால் அந்த 14 செ.மீ. 26 ஆகிவிடும். லோகோ குறுகிய காலில் நிற்பது போல இருக்கும்.

ஓடுவதற்கு 16.5-ஐ வைத்துக்கொள்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. தண்டவாளமும் பாயின்ட்டும் கடையில் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. நானும் ஓடுவதை அதிலேயே ஓட்டுகிறேன். கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் அச்சை நீளமாக்கி 19.2-ல் தண்டவாளம் போட்டிருக்கிறேன்.

ஆனால் கேஜ் சரியாக இருக்க வேண்டும் என்பது உன் மனதை உறுத்துமானால் மீட்டர் கேஜுக்கு வா. 1,000 மி.மீ.-ஐ வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் ரேஷியன் (Rhaetian) ரயில்வே மீட்டர் கேஜ் என்பதால், பெமோ போன்ற கம்பெனிகள் 12 மி.மீ. தண்டவாளம் தயாரிக்கின்றன. வித்தியாசம் வெறும் அரை மி.மீ. அதில் ஒய்டிஎம்-4 செய். ஆல்கோ டிஎல்535 வகை, ஆறு சிலிண்டர் 251 எஞ்சின், 72 டன், சக்கரம் 965 மி.மீ. மாடலில் 11.1. பக்க பஃபர் கிடையாது, நடுவில் ஒற்றைக் கப்ளர் மட்டும், எனவே முகம் செய்வதும் எளிது.

தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் எல்லாம் மாறிப்போனாலும் குன்னூர்–ஊட்டி இடையே ஒய்டிஎம்-4 இன்றும் ஓடுகிறது. ஒரு நாள் போய்ப் பார். குன்னூரில் நிற்கும்போது பிளாட்பாரத்திலிருந்தே நிறையப் பார்த்துக்கொள்ளலாம். லைனில் மட்டும் இறங்காதே. பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது நெருங்கி நின்று எடுக்காதே. எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ போய், ஜூம் செய்து எடு. நெருங்கி எடுத்தால் முனைகள் வளைந்து அளவு பிசகிவிடும். படத்தில் சக்கரத்தின் விட்டத்தை அளந்தால் அதுவே உனக்கு ஸ்கேல். சக்கரம் தேயும் என்பதால் சில மி.மீ. பிசகலாம், மொத்த நீளத்தையும் வைத்துச் சரிபார்த்துக்கொள்.

ஜன்னல் கண்ணாடிகளை சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் வெள்ளையாகப் பனி படர்ந்தது போல ஆகிவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், நாகர்கோவில்

அது அந்தப் பசையின் ஆவி. மூடிய பாடிக்குள் சுற்றிவந்து கண்ணாடியில் படிகிறது. லேசாக இருந்தால் நைஸ் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போகும். அழுத்தமாக இருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். இனிமேல் கண்ணாடிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மட்டும். காய்ந்தால் பளிங்காகிவிடும், தவறினால் ஈரத் துணியால் துடைக்கலாம். ஜன்னலுக்கு வெளியே கல்லடி தடுக்கும் வலை இருந்த லோகோ என்றால் டீ வடிகட்டியின் நைலான் வலையை வெட்டி ஒட்டிப் பாருங்கள், கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும்.

ஐயா, என் அப்பா டீசல் லோகோ டிரைவராக இருந்தவர். எண்பதுகளில் ஒரு டபிள்யூடிஎம்-2 பக்கத்தில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அந்த லோகோவை மாடலாகச் செய்து அம்மாவுக்குக் கொடுக்க நினைக்கிறேன். நம்பர் பாதிதான் தெரிகிறது. நிறம் என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, ஜோலார்பேட்டை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

முதலில் அப்பாவின் பழைய நோட்டுப் புத்தகங்களைத் தேடுங்கள். டிரைவர்கள் பலரிடம் சின்னப் பாக்கெட் நோட்டு இருக்கும். எந்தத் தேதி, எந்த வண்டி, எந்த லோகோ, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று எழுதியிருப்பார்கள். படத்தில் தெரியும் இலக்கங்களை நோட்டோடு ஒப்பிட்டால் முழு நம்பர் கிடைத்துவிடலாம். டபிள்யூடிஎம்-2 நம்பர்கள் ஐந்து இலக்கம். 16, 17, 18 என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு இலக்கம் மறைந்திருந்தால்கூடத் தேடுவதற்கு மூன்றே வழிதான்.

அடுத்து, ஷெட்டின் சுருக்கப் பெயர் லோகோவில் எழுதியிருக்கும். ஈரோட்டுக்கு இ.டி., பொன்மலைக்கு ஜிஓசி, எர்ணாகுளத்துக்கு இஆர்எஸ், தண்டையார்பேட்டைக்கு டிஎன்பி, ஆந்திராவின் குத்திக்கு (Gooty) ஜிஒய் என்று ஆங்கில எழுத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஷெட் தெரிந்தால் நிறத்தைத் தேட ஒரு வாசல் திறக்கும், ஏனென்றால் ஷெட்டுக்கு ஷெட் நிறம் வேறு. அதே ஷெட்டில் அதே வருடங்களில் எடுத்த வண்ணப் படம் எங்காவது இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் யாராவது இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். என்ன நிறம் என்று மொட்டையாகக் கேட்டால் யோசிப்பார்கள். படத்தைக் கையில் கொடுத்து, இந்தப் பட்டை என்ன நிறம் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பலை வைத்து நிறத்தை ஊகிக்க வேண்டாம். சில பழைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும். ஆனால் இரண்டு நிறங்களில் எது அடர்த்தி, பட்டையின் அகலம் என்ன, பட்டை கேபினில் வளைகிறதா நேராகப் போகிறதா என்பதை அந்தப் படம் துல்லியமாகச் சொல்லும். அதை அளந்து வையுங்கள்.

அப்பாவின் உயரம் தெரியுமல்லவா? படத்தில் லோகோவை ஒட்டி அவர் நிற்கும் இடத்தில் அதுவே உங்கள் அளவுகோல். ரன்னிங் போர்டு, அதாவது லோகோவின் பக்கவாட்டு நடைபலகை, அவர் உடம்பில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்தால், மாடலில் அது எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிடும். அவரையும் ஒரு உருவமாகச் செய்து பக்கத்தில் நிறுத்துங்கள். 5 அடி 7 அங்குலம் என்றால் எச்ஓவில் 19.5 மி.மீ. படத்தில் அவர் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். நிறம் சந்தேகமாக இருந்தால் எனக்குப் படத்தின் நகலை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், என் நண்பர்களிடம் காட்டிக் கேட்கிறேன்.

கொழும்பு–யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவியை இழுத்த கனடா எஞ்சின் "ஆல்பர்ட்டா"வைச் செய்ய விரும்புகிறேன். எந்த மாடலிலிருந்து தொடங்கலாம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

நல்ல லோகோ. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எம்2 வகை, ஜெனரல் மோட்டார்ஸின் ஜி12 வடிவமைப்பு, 1,425 குதிரைசக்தி. கனடாவின் மாகாணப் பெயர்களையே வைத்தார்கள். 570 ஆல்பர்ட்டா, 571 சஸ்காட்சவான், 569 ஒன்டாரியோ. 1954-ல் வந்தவை இத்தனை காலம் ஓடியதே பெரிய விஷயம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது போகி. அது ஏ1ஏ-ஏ1ஏ. மூன்று அச்சு இருந்தாலும் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது, அது எடையைப் பகிர மட்டும். அமெரிக்க உள்நாட்டு மாடல்களின் நான்கு சக்கரப் போகியை அப்படியே வைத்தால் எம்2 ஆகாது. எஞ்சின் 12 சிலிண்டர் 567 வகை, டர்போ கிடையாது. எனவே கூரையில் ஆல்கோ போல ஒற்றைப் புகைபோக்கி தேட வேண்டாம். கேஜ் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றே, 1,676. மதுரை மாணவருக்குச் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

இங்கேயும் தேதிதான் பேச்சு. வடக்குப் பாதை 1990-ல் நின்று 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. உங்கள் மனதில் இருக்கும் ஆல்பர்ட்டா எந்தக் காலத்தது? சின்ன வயதில் ஸ்டேஷனில் பார்த்தது என்றால் இப்போது எடுக்கும் படங்களிலிருந்து நிறத்தை எடுக்காதீர்கள். வீட்டு ஆல்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஸ்டேஷனில் வழியனுப்பிய படங்களின் ஓரத்தில் லோகோ நின்றுகொண்டிருக்கும்.

மாடலுக்குள் டிசிசி சவுண்ட் டிகோடர் (டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சின்ன சர்க்யூட்) போட்டேன். சத்தம் ஆல்கோதான், ஆனால் லோகோ ஓடுவது பொம்மை கார் மாதிரி இருக்கிறது.
— வாசகர், பெரம்பூர்

டிகோடரில் நாம் மாற்றக்கூடிய அமைப்புகளுக்கு சிவி என்று பெயர். அவற்றில் சிவி3, சிவி4 இரண்டையும் யாரும் தொடுவதில்லை. சிவி3 வேகம் கூடுவதற்கு, சிவி4 குறைவதற்கு. சிவி3-ல் போடும் எண்ணை 0.9-ஆல் பெருக்கினால், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்துக்கு எத்தனை விநாடி என்று கிட்டத்தட்ட வரும். 50 போட்டால் 45 விநாடி. அங்கிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே ஏதேதோ மாற்றிக் குழம்பியிருந்தால், பல டிகோடர்களில் சிவி8-ல் 8 எழுதினால் பழைய நிலைக்கு வந்துவிடும். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்கோவின் குணம் இது: எட்டு நாட்ச், அதாவது டிரைவர் எஞ்சின் சக்தியைக் கூட்டும் எட்டுப் படிகள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, எட்டாவது நாட்ச்சில் 1,000. டிரைவர் நாட்ச்சைத் திறந்ததும் டீசல் உடனே கூடிவிடும், டர்போ சுற்றிக் காற்றைக் கொடுக்கச் சில விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கறும்புகை. சத்தம் முதலில் எழும், இழுவை அப்புறம்தான் வரும். எனவே சத்தம் நாட்ச் ஏறிய பிறகு லோகோ நகரும்படி டிகோடரில் தாமதம் வைக்க முடிந்தால் வையுங்கள். முதல் நாட்ச்சில் கப்ளர்கள் இறுகி, கடைசிப் பெட்டி நகரும் வரை காத்திருந்து அடுத்த நாட்ச் போடுங்கள். மேசைமேல் ஓடும் லோகோ என்பதே மறந்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு வெள்ளை எல்இடி வேண்டாம். பழைய சீல்டு பீம் விளக்கின் வெளிச்சம் மஞ்சள். வார்ம் வைட் எல்இடி, 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். கண் கூசினால் 2.2 போடுங்கள்.

பெயின்ட் அடித்த பாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. டீக்கல் (எழுத்தும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படம்) ஒட்டிய இடத்தில் வெள்ளி மாதிரி மின்னுகிறது.
— வாசகர், நாகப்பட்டினம்

இரண்டும் வேறு வேறு. வெளுத்தது ஈரக்காற்றால். கடற்கரை ஊரில், ஐப்பசி கார்த்திகையில், லாக்கர் பெயின்ட்டை மழை நாளில் அடித்தால் இப்படித்தான் ஆகும். நான் அந்த இரண்டு மாதமும் பெயின்ட் டப்பாவைத் திறப்பதில்லை, ஹேண்ட்ரெயில் வேலையும் வயரிங்கும் பார்த்துக்கொள்வேன். தை பிறந்ததும் வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

வெள்ளி மின்னுவது டீக்கலுக்குக் கீழே மாட்டிக்கொண்ட காற்று. மேட் பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீக்கல், அதன்மேல் டீக்கல் மென்மையாக்கும் திரவம், காய்ந்த பின் மேட் வார்னிஷ். இப்போது ஒட்டியிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் மெல்லிய ஊசியால் அங்கங்கே குத்தி அந்தத் திரவத்தைத் தொட்டு வையுங்கள். பெரும்பாலும் படிந்துவிடும்.

லோகோவை அழுக்காக்குவது எப்படி? எல்லாவற்றுக்கும் துருப் பொடி போடுகிறார்கள்.
— வாசகர், சேலம்

ஓடும் லோகோ துருப்பிடிப்பதில்லை, எண்ணெய் பிடிக்கிறது. ஷெட்டில் தினமும் பார்த்தவன் என்பதால் எங்கே என்ன அழுக்கு என்று சொல்கிறேன்.

புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் மேட் கறுப்பு. அது புள்ளியாக நிற்காது, ஓடும் திசையின் எதிர்ப்பக்கம் நீண்டு மங்கும். எஞ்சின் கதவுகளின் கீழ் விளிம்பிலிருந்து ரன்னிங் போர்டு வரை லூப் ஆயில் (எஞ்சினின் மசகு எண்ணெய்) வழிந்த கோடு. அது மின்ன வேண்டும். மேட் வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு பழுப்புக் கறுப்பில் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ் கலந்து மெல்லிய தூரிகையால் இழுங்கள். டேங்கில் டீசல் ஊற்றும் வாயின் கீழே தூசி ஒட்டிய கருமை. சக்கரம் வழுக்காமல் மணல் தூவும் சாண்ட் பாக்ஸ் மூடியின் கீழே இதற்கு நேர்மாறாக வெளிர் மணல் கோடு. போகி முழுவதும் பிரேக் பிளாக்கின் இரும்புத் தூசி, பழுப்பும் சாம்பலும் கலந்தது. துருவின் ஆரஞ்சு அங்கே வேண்டாம். படிக்கட்டில் கால் படும் விளிம்பு தேய்ந்து உலோகம் தெரியும். கைப்பிடியில் கை படும் இடம் கொஞ்சம் மினுங்கும். பென்சில் கரியை விரலில் தடவி அங்கே ஒருமுறை உருவினால் போதும்.

பெரிய பராமரிப்பு முடிந்து வந்த முதல் வாரத்தில் இவற்றில் பாதி இருக்காது. பாடி புதிதாக இருக்கும், புகைபோக்கியைச் சுற்றி மட்டும் கறுக்கத் தொடங்கியிருக்கும். எனக்கு அந்த நாளின் லோகோவைச் செய்யத்தான் பிடிக்கும். யார் கையால் வேலை செய்தோமோ அந்த வேலை அதில் தெரியும்.

தாத்தா, லோகோவின் முன்னால் குழாய்கள் தொங்குகிறதே, அவை எதற்கு? என் மாடலில் இல்லை. நானே செய்ய முடியுமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், ஓசூர்

முடியும் கண்ணா. அவை பிரேக் குழாய்கள். லோகோவிலிருந்து காற்று அவை வழியாகத்தான் பெட்டிகளுக்குப் போகிறது. ஏர் பிரேக் வண்டியில் இரண்டு வகை உண்டு, ஒன்று பிரேக் பைப், இன்னொன்று ஃபீட் பைப். எத்தனை, எந்த இடத்தில் என்பதை நீ செய்யும் லோகோவின் முகப் படத்தில் எண்ணிப் பார்.

0.6 மி.மீ. சாலிடர் கம்பி வாங்கு. அது மெத்தென்று இருப்பதால் சொன்னபடி தொங்கும். ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு முனையை பஃபர் பீமில் போட்ட துளையில் செருகி, மறுமுனையை லேசாக வளைத்து விடு. முனையில் குண்டூசித் தலை அளவு பசை வைத்தால் அதுவே பாம் எண்ட், அதாவது இன்னொரு குழாயோடு கைகோக்கும் வாய். பழைய வேக்குவம் குழாய் வேண்டுமானால் 0.9 மி.மீ. கம்பியை எடுத்து, மின்சார வயருக்குள் இருக்கும் மயிரிழைச் செம்புக் கம்பி ஒன்றை அதன்மேல் நெருக்கமாகச் சுற்று. வளையம் வளையமாகத் தெரியும். சாலிடரில் ஈயம் இருக்கும், வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

குழாய் முழுவதும் கறுப்பு அடி. காய்ந்ததும் பிரேக் பைப்பின் வாயில் மட்டும் பச்சை, ஃபீட் பைப்பின் வாயில் மட்டும் வெள்ளை. தூரிகை வேண்டாம், சீவிய தீக்குச்சியின் முனையால் தொட்டு வை.